ஒரு காலில் செருப்பு

மழைக்குக் குடை கேட்க வந்தவர், மழை நின்ற பிறகு கேட்டார் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் நடந்தது. தூத்துக்குடியில் மழை என்பதே வருஷத்துக்குச் சில நாள்தான். அப்படி ஒரு நாள் சாயங்காலம், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்தார். என் மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். என் அம்மாவின் முட்டிவலி, மகளின் பரீட்சை, எதிர்வீட்டு நாய் போட்ட குட்டிகள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு எங்களுக்காக ஒரு சின்ன ஜெபம் செய்தார். நாங்கள் திருச்செந்தூர் முருகனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் டீச்சர் கண்ணை மூடினால் நாங்களும் எழுந்து கை கட்டி நிற்போம். ஜெபம் முடிந்து வெளியே போய், இடது காலில் செருப்பை மாட்டினார். வலது கால் செருப்பை மாட்டாமல் அப்படியே நின்று திரும்பினார்.

"தம்பி, ஒரு குடை இருந்தாத் தாங்களேன். மருந்துக் கடை வரைக்கும் போகணும்."

மழை நின்று கால் மணி நேரம் ஆகியிருந்தது. நான் வானத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். என்ன சொல்ல? குடையைக் கொடுத்தேன். விரிக்காமலே கையில் பிடித்துக்கொண்டு போனார்.

டீச்சர் என்றுதான் தெருவே கூப்பிடும். எங்கள் மாவட்டத்து நாசரேத் பக்கத்துக்காரர். ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தையல் டீச்சராக இருந்தார். நிர்வாகம் சம்பளம் கொடுத்த வேலை அது, அரசாங்கச் சம்பளம் இல்லை. அதனால் பென்ஷனும் இல்லை. வீட்டுக்காரர் துறைமுகத்தில் காண்டிராக்டில் கிரேன் ஓட்டியவர். பிள்ளை இல்லை. எங்கள் தெருக் கடைசியில் வாடகை வீடு. நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறேன்: ரீசார்ஜ், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. எனக்குப் பொறுமை கிடையாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைக்கு வருகிறவர்களிடம் "விஷயத்தச் சொல்லுங்க" என்பதுதான் நான் சொல்லும் முதல் வார்த்தை. டீச்சருக்கோ விஷயம் கடைசி வார்த்தை. நாங்கள் இரண்டு பேரும் எப்படித்தான் ஒத்துப்போனோமோ தெரியவில்லை.

ஒரு தடவை கேட்டே விட்டேன். "ஏன் டீச்சர், கேக்க வந்தத உள்ள இருக்கும்போதே கேட்டா என்ன? எதுக்கு வாசல்ல போய் ஒத்தச் செருப்போட நிக்கிய?"

டீச்சர் சிரித்தார். "எங்க வீட்டுல எல்லாருமே அப்படித்தான் தம்பி. உள்ள உக்காந்துகிட்டு கேட்டு, உங்களுக்கு அது முடியலன்னா நீங்க என்ன செய்விய? எந்திரிச்சுப் போக முடியுமா? உங்க வீடுல்லா? வாசல்ல வச்சுக் கேட்டா, இல்லன்னு சொன்ன அடுத்த நிமிசம் நான் போயிருவேன். உங்களுக்குச் சங்கடம் இல்ல."

"அப்ப ஒரு செருப்ப மட்டும் எதுக்கு மாட்டுறிய?"

"ரெண்டையும் மாட்டிட்டா போயிட்ட மாதிரில்லா இருக்கும். ஒண்ணு மாட்டினா, போறதுக்குத்தான் நிக்கேன், ஆனா நீங்க சொல்லுறதக் கேக்கவும் நிக்கேன்னு அர்த்தம்."

அதற்குப் பிறகு டீச்சர் கிளம்பும்போதெல்லாம் நானும் எழுந்து வாசல் வரை போக ஆரம்பித்தேன். பாதி நாள் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. "சரி தம்பி, வாரேன்" என்று இரண்டாவது செருப்பையும் மாட்டிக்கொண்டு போய்விடுவார். கேட்கும் நாளிலும் கறிவேப்பிலை, ஊசி நூல், ஒரு போன் கால், இப்படித்தான் ஏதாவது.

பெரிதாக அவர் கேட்ட நாள், கடைப் படியில் நடந்தது. ரீசார்ஜ் செய்து முடித்து, என் அம்மாவை விசாரித்து, படி இறங்கி, ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"தம்பி, இந்த போன்ல முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட எல்லாம் உதவி கேக்காங்கல்லா, அது எப்படின்னு எனக்குச் சொல்லித் தருவியளா?"

அண்ணாச்சிக்கு, அதாவது அவர் வீட்டுக்காரருக்கு, இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும் என்று திருநெல்வேலியில் சொல்லியிருக்கிறார்கள். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, அதனால் நாற்காலியிலேயே தூங்குகிறார். காப்பீட்டு அட்டையில் ஒரு பகுதி கிடைக்கும். மீதிக்கு வீட்டை விற்கலாம் என்றால் வீடு அவர்களுடையது இல்லை. ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"சர்ச்சுல கேக்கலாமே டீச்சர்? சொந்தக்காரங்க?"

"ஒருக்கக் கேட்டாச்சு. கொடுத்தாங்க. அவங்களத் திருப்பி எதுக்குச் சங்கடப்படுத்தணும்? தெரியாதவங்கன்னா அவங்களுக்கும் சுளுவு. பிடிக்கலன்னா தள்ளி விட்டுட்டுப் போயிருவாங்க."

எழுபது வயதில், கறிவேப்பிலை கேட்கவே வாசலுக்குப் போகிறவர், ஊர் பேர் தெரியாத கூட்டத்திடம் கை நீட்டக் கற்றுக்கொடு என்கிறார். செல்லை வாங்கி ஒரு சேனல் தொடங்கிக் கொடுத்தேன். எப்படிப் பதிவு செய்வது, எப்படி ஏற்றுவது, பணம் அனுப்பும் க்யூஆர் படத்தை எங்கே போடுவது என்று எல்லாம் காட்டினேன். துணியை வெட்டுகிற மாதிரி கவனமாகக் கற்றுக்கொண்டார். நோட்டில் வேறு எழுதிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து முதல் வீடியோ வந்தது. பதினோரு நிமிஷம்.

கஞ்சி போட்ட நூல் சேலை, படிய வாரிய தலை. நாற்காலியில் உட்கார்ந்து, "வணக்கம். எல்லாரும் நல்லா இருக்கியளா? சாப்பிட்டியளா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருகிற மாதிரி கொஞ்ச நேரம் காத்திருக்கிறார். பிறகு வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் குளிர் எப்படி இருக்கிறது என்கிறார். பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கிறார். பரீட்சை எழுதுகிறவர்களுக்குத் தைரியம் சொல்கிறார். ஆறாவது நிமிஷத்தில் வேலை இல்லாதவர்களுக்காக ஒரு ஜெபம். அது முடிந்ததும் எழுந்து போய்விடுகிறார். ஆமாம், எழுந்தே போய்விடுகிறார். காலி நாற்காலியும் சுவரில் ஒரு காலண்டரும் மட்டும் தெரிகின்றன. கடைசிப் பத்து வினாடியில், எங்கோ தூரத்தில், வாசலில் இருந்து அவர் குரல் கேட்கிறது: "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு ஆபரேஷன் செய்யணும், உங்களால முடிஞ்சா..." அவ்வளவுதான். மீதி காதில் விழவில்லை.

நான் கடையில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"டீச்சர், வீட்டுக்குள்ளயே நின்னு கேக்கக் கூடாதா? அவங்கதான் உங்க வீட்டுக்கே வரலியே."

"நாமதான தம்பி அவங்க போனுக்குள்ள போயிருக்கோம். அது அவங்க வீடுல்லா?"

ஒரு வாரத்தில் அந்த வீடியோவைப் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் நிமிஷத்திலேயே போய்விட்டார்கள். பணம் என்று பேருக்குத்தான் வந்தது. ஒருவன் "கிழவி நல்லா நடிக்குது, ஏமாறாதீங்க" என்று எழுதியிருந்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவனுக்கு நாலு வார்த்தை எழுதப் போனேன். டீச்சர் தடுத்துவிட்டு, அடுத்த வீடியோவில் அவன் பெயரைச் சொல்லி, "தம்பி, நீங்க சந்தேகப்படுறது சரிதான். இந்தக் காலத்துல யார நம்ப? சாப்பிட்டியளா?" என்று கேட்டார். அவன் அதற்குப் பதில் எழுதவில்லை.

இப்படியே மூன்று வீடியோ. மூன்றும் வாசலில்தான் முடிந்தன. அண்ணாச்சியைப் போய்ப் பார்த்தேன். நாற்காலியில் தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னடே, உங்க டீச்சர் சினிமாவுல நடிக்காளாமே?" என்று கேட்டார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கினார். அன்றைக்குத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. மூன்றாவது வீடியோவைக் கணினியில் போட்டு வெட்டினேன். வாசல் குரலை எடுத்துச் சத்தத்தைக் கூட்டி முன்னால் வைத்தேன். அண்ணாச்சி மூச்சு வாங்குவதை அவர் சம்மதத்தோடு எடுத்துச் சேர்த்தேன். வணக்கம், சாப்பாடு, குளிர், ஜெபம் எல்லாம் போயிற்று. பதினோரு நிமிஷ வீடியோ நாற்பது வினாடியாகச் சுருங்கியது. டீச்சரிடம் கேட்காமலே ஏற்றிவிட்டேன்.

பணம் வந்தது. சென்னையிலிருந்து, கோயம்புத்தூரிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து. பத்து ரூபாய் அனுப்பியவரும் உண்டு, மாதச் சம்பளம் போல அனுப்பியவரும் உண்டு. மூன்றே வாரத்தில் ஆஸ்பத்திரியில் தேதி கேட்கலாம் என்ற நிலைமை வந்துவிட்டது. நான் கடையில் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தேன்.

டீச்சருக்கு அது தெரியவந்தது இப்படித்தான். பணம் அனுப்பிய ஓர் அம்மாள் போனில் கூப்பிட்டு, "எடுத்ததும் விஷயத்துக்கு வந்தீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்சது" என்று பாராட்டியிருக்கிறார். டீச்சர் வீடியோவைத் தேடிப் பார்த்திருக்கிறார். நேரே கடைக்கு வந்தார். என் அம்மாவை விசாரிக்கவில்லை.

"வாங்கன்னுகூடச் சொல்லாமக் கை நீட்டிட்டேனே தம்பி."

"இல்லன்னா வருமா டீச்சர்? அண்ணாச்சியப் பாத்தியளா, எப்படி இருக்காங்கன்னு?"

"அனுப்புனவங்களுக்கு எல்லாம் திருப்பி அனுப்ப முடியுமா?"

"முடியாது. அனுப்பவும் கூடாது. ஆபரேஷனுக்கு என்ன செய்விய?"

எதிரே ஆத்தூர் பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. பிறகு டீச்சர் மெதுவாகச் சொன்னார். "சரி, இருக்கட்டும். இவுக உயிருக்காக இருக்கட்டும். ஆனா அதுல பேசுறது நான் இல்ல தம்பி. அத மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க."

சொல்லிவிட்டு மறுநாளிலிருந்து பணம் அனுப்பிய ஒவ்வொருவருக்கும் போன் போட ஆரம்பித்தார். எடுத்தவர்களிடம் முதலில் சாப்பிட்டீர்களா என்று கேட்டு, வீட்டை விசாரித்து, கடைசியில், போனை வைக்கப் போகும் நேரத்தில், "அன்னைக்கு அனுப்புனியளே, அத நான் வாங்கிக்கிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேர் அழுதுவிட்டார்களாம்.

ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது. புதன்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்து டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பணம் தயார் என்று எனக்குத் தெரியும். சந்தோஷமாகத்தான் வரவேற்றேன். டீ குடித்தார். அம்மாவின் முட்டி, மகளின் பரீட்சை எல்லாம் வழக்கம்போல. ஜெபம் செய்தார், அன்றைக்குக் கொஞ்சம் நீளமாக. அவர் எழுந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. மதுரையிலிருந்து செல்போன் கண்ணாடி சப்ளை செய்கிறவன். அனுப்பிய பெட்டியில் பாதி நொறுங்கி வந்திருந்தது. நான் அவனைப் பிடி பிடி என்று பிடிக்க வேண்டியிருந்தது.

"சரி டீச்சர், பாத்துப் போங்க" என்று நாற்காலியில் இருந்தபடியே கையை ஆட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "ஏங்க, டீச்சர் வாசல் கேட்டுப் பக்கம் நின்னுகிட்டே இருக்காங்க. மீன் கழுவுற கையோட நான் எப்படிப் போவேன்? நீங்க போங்க."

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு "வாரேன், வாரேன்" என்றேன். அவனோடு பேசி முடித்து எழுந்து போனபோது வாசல் கேட்டு சாத்தியிருந்தது. தெருவில் ஆள் இல்லை. எனக்குத் தெரியாதா அவர் எதற்கு நிற்பார் என்று? தெரியும். இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். நாளைக்குக் கடைக்கு வருவார், அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உள்ளே போய் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன்.

திங்கள்கிழமை டீச்சர் கடைக்கு வரவில்லை. செவ்வாய் சாயங்காலம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் செல்லைப் புரட்டிக்கொண்டிருந்தேன். டீச்சரின் சேனலில் முந்தின நாள் ஏற்றிய புது வீடியோ ஒன்று இருந்தது. நான் எடுத்தது இல்லை, நான் வெட்டியதும் இல்லை. பத்தொன்பது வினாடி.

சேலை கசங்கியிருந்தது. வணக்கம் இல்லை. யாரும் சாப்பிட்டார்களா என்று கேட்கவில்லை. செல்லை முகத்துக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "புதன்கிழம திருநெல்வேலியில எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். ஆம்பள ஆள் ஒருத்தர் கூட நிக்கணும்னு சொல்லுதாங்க. ரத்தத்துக்கு, மருந்துக்கு எல்லாம் ஓடணும். மூணு நாள். எனக்கு ஆள் இல்ல. யாராவது வாங்க."

நான் வெட்டிய வீடியோவில் பேசியது அவர் இல்லை. இதில் பேசியது அவரேதான்.

கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். வீடு பூட்டிக் கிடந்தது. ஆட்டோ பிடித்துக் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள் என்று பக்கத்தில் சொன்னார்கள். போன் அடித்தேன், எடுக்கவில்லை. பஸ் ஏறித் திருநெல்வேலி போய் ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்துச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. வராந்தா பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தெரியாத ஒரு மனிதர், என் வயதுதான் இருக்கும், கையில் மருந்துச் சீட்டுகள்.

"வாங்க தம்பி. இவ்வளவு தூரம் எதுக்கு அலைஞ்சிய? சாப்பிட்டியளா?" என்றார் டீச்சர். முகத்தில் கோபம் தேடினேன். கிடையாது. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த மனிதர் சாகுபுரம் பாக்டரியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவராம். வீடியோவைப் பார்த்துவிட்டு லீவு போட்டு வந்திருக்கிறார். அதற்கு முன்னால் டீச்சரை அவர் பார்த்ததே இல்லை. வீடியோவுக்குக் கீழே அவர் எழுதியிருந்ததை டீச்சர் எனக்குக் காட்டினார்: "நான் வாரேன்மா. நீங்க சாப்பிட்டீங்களா?"

"நாலு வீடியோவுக்கு அப்புறம் ஒருத்தர் என்னயத் திருப்பிக் கேட்டுருக்காரு பாருங்க தம்பி" என்றார். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா டீச்சர்" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நீங்க போன்ல பேசிட்டு இருந்திய" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து போயிருந்தால், மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்திருப்பேனா? வந்திருப்பேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். என் மனைவி மட்டும் அப்போது எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணாச்சி படுத்துத் தூங்க ஆரம்பித்தார். தெரு முனை வரை நடந்து வந்து, "என்னடே, யாவாரம் எப்படி?" என்று கேட்கும் அளவுக்குத் தேறினார். ஒரு வருஷத்துக்கு மேல் எங்கள் தெருவில் இருந்துவிட்டு, நாசரேத்தில் டீச்சரின் தங்கை வீட்டுப் பக்கம் போய்விட்டார்கள். சேனலில் இப்போதும் எப்போதாவது டீச்சரின் வீடியோ வருகிறது. அதில் எதுவும் கேட்பதில்லை. சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்கிறார். நிறையப் பேர் சாப்பிட்டோம் என்று பதில் எழுதுகிறார்கள்.

அந்த ஒரு வருஷமும் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். டீ குடித்தார், என் அம்மாவை விசாரித்தார், ஜெபம் செய்தார். ஒரு குறையும் வைக்கவில்லை. அவர் எழுந்தால் நானும் எழுந்துவிடுவேன். போன் அடித்தால் எடுக்க மாட்டேன். அவருக்கு முன்னால் போய்க் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன்.

"வேற ஏதும் உண்டா டீச்சர்?"

"ஒண்ணும் இல்ல தம்பி" என்பார் சிரித்துக்கொண்டே. இரண்டு செருப்பையும் சேர்த்தே மாட்டியிருப்பார்.